வார்னிஷ் படாத நூல்

மார்ச் 3

மார்ச் 3, திங்கட்கிழமை, காலை மணி ஒன்பது நாற்பது. தொழிற்சாலை வாசலில் நின்றவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். கேட் வெளிப்பக்கம் பூட்டியிருந்தது.

அக்கா,

முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். இன்றைக்கு விஷயம் முந்திக்கொண்டது. நீ, அத்தான், சின்னவள் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீ கல்யாணமாகி எல்லை தாண்டிப் போகும்வரை ஆறு வருஷம் ஃபேன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி, நூலால் வைண்டிங் கட்டிய அதே தொழிற்சாலைதான். "இடது கைக்காரி முடிச்சு, இடது பக்கமா சாயுது" என்று மேஸ்திரி உன்னைத் திட்டுவாரே, அதே கூடம்தான். மூடிவிட்டார்கள். தரம் பார்க்கிறவன் என்று எனக்கு ஒரு மேஜை இருந்தது. மேஜையின் மேல் என் டிபன் பாக்ஸும் இருந்தது. இரண்டும் இப்போது உள்ளே.

முதலாளி காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கினார். அரைச்சிரிப்பு என்று நீ வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நான் என்னப்பா பண்றது? ஒப்பந்தம் நானா போட்டேன்? அந்தப் பக்கத்து ஃபேன் வரியே இல்லாம வந்து இறங்குது. நம்ம ஃபேனை இனிமே எவன் வாங்குவான்?"

நம் வெல்டர் கேட்டார்: "போன வருஷம் அதே ஒப்பந்தத்துக்குத்தானே சார் எங்களைக் கை தட்டச் சொன்னீங்க?"

"அது போன வருஷம்."

கண்ணாடி ஏறிவிட்டது.

போன வருஷம் அந்த எட்டு நாட்டு வியாபார ஒப்பந்தம் கையெழுத்தான அன்று கூடத்தில் எல்லோரையும் நிற்கவைத்து, "எட்டு நாட்டுக் கதவு திறந்தாச்சு, எட்டு நாட்டுலயும் நம்ம ஃபேன்தான் சுத்தும்" என்றார். நானும் தட்டினேன். கதவு திறந்தது உண்மைதான். அது இரண்டு பக்கமும் திறக்கும் கதவு என்று அவர் சொல்லவில்லை.

கடைகளில் வந்து குவியும் ஃபேன் பெட்டியில் உன் ஊர்ப் பெயர் அச்சாகியிருக்கிறது. அங்கே எந்த ஷெட்டில் செய்கிறார்கள், எத்தனை மெஷின், யார் நடத்துகிறார்கள் என்று விசாரித்து எழுது. இந்த ஆளை நான் சும்மா விடப்போவதில்லை.

தம்பி

●

மார்ச் 29

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன் சுகமும் அம்மாவின் சுகமும் தெரிந்தால் நிம்மதி. அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கொடுக்கிறேன் என்று சொல்லாதே, கொடு.

கடிதம் இரண்டு வாரம் சுற்றி வந்து சேர்ந்தது. நாங்கள் வீடு மாற்றிவிட்டோம். புது முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது. இங்கே போன் வசதி இல்லை, ஆகையால் கடிதமே எழுது. அத்தான் சோப்புக் கம்பெனிக்கு இப்போது போகவில்லை. பத்து வருஷம் ஓடிய ஓட்டத்துக்குக் கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்று விட்டோம். ஓய்வில் அவர் சமைக்கக் கற்றுக்கொள்கிறார். சின்னவள் சாப்பிட மறுக்கிறாள். வேறு ஒரு குறையும் இல்லை.

ஃபேன் ஷெட் பற்றிக் கேட்டிருந்தாய். வீட்டோடு இருக்கிறவளுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? நீ படித்தவன், வேறு வேலை கிடைக்கும். கோபத்தைக் குறைத்துக்கொள். சின்ன வயதில் சைக்கிள் செயின் கழன்றால் சைக்கிளையே உதைப்பாய். இப்போதும் அப்படித்தான் இருக்கிறாயா?

அக்கா

●

ஏப்ரல் 11

அக்கா,

அம்மாவுக்கு ஒத்தடம் கொடுத்தேன். வலி குறையவில்லை, ஆனால் பேச்சு குறைந்திருக்கிறது. நீங்கள் சுகமாக இருந்தால் சரி.

உதைக்க வேண்டியது சைக்கிளை இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. அரைச்சிரிப்பு நம் தொழிற்சாலைக்குப் பின்தெருவில் ஒரு கோடவுன் எடுத்திருக்கிறார். உன் ஊரிலிருந்து வரும் ஃபேன் அங்கேதான் இறங்குகிறது. மேலே ஒட்டியிருப்பது நம் கம்பெனியின் பழைய பெயர். நம்மை மூடவைத்த ஃபேனை இறக்குமதி செய்கிறவரே அவர்தான்.

பெட்டி இறக்குகிறவர் யார் தெரியுமா? நம் வெல்டர். "கழுத்தை அறுத்தவன் வீட்டுலயே வேலை, என்ன பண்ணச் சொல்றே?" என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். வாசலில் இருந்த டீக்கடை மூடியாகிவிட்டது. வைண்டிங் பெண்களில் நாலு பேர் துணிக்கடையில் நிற்கிறார்கள். மற்றவர்கள் எங்கே என்று தெரியவில்லை.

நான் சட்டத்தைப் படித்தேன். ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. வரி இல்லாமல் உள்ளே வர வேண்டுமென்றால் பொருளின் மதிப்பில் நூற்றுக்கு நாற்பது பங்காவது அந்த எட்டு நாட்டுக்குள் உருவாகியிருக்க வேண்டும். வெளிநாட்டில் முழுசாகச் செய்ததைக் கொண்டுவந்து ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினால் அது திருட்டு. முழு வரியும் கட்ட வேண்டும், அதற்கு மேல் அபராதமும் உண்டு.

இவ்வளவு சீக்கிரத்தில், இவ்வளவு ஃபேனை உன் ஊரில் யாரும் செய்திருக்க முடியாது. இறக்கை மாட்டிப் பெட்டியில் போடுகிறார்கள், அவ்வளவுதான். எனக்கு ஆதாரம் வேண்டும். கடைத்தெருவுக்குப் போகிற வழியில் ஒரு எட்டு எட்டிப் பார்த்து எழுது.

தம்பி

●

மே 20

அக்கா,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. சுகமில்லையா, சோம்பலா? முதலாவது என்றால் உடனே எழுது. இரண்டாவது என்றாலும் உடனே எழுது.

நீ பார்க்க மாட்டாய் என்பதால் நானே இரண்டு ஃபேன் வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. எந்த நாட்டுப் பெயரும் இல்லை. அதையே தூக்கிக்கொண்டு சுங்கத் துறைக்குப் போனேன். அதிகாரி நல்லவர் மாதிரிதான் தெரிந்தார்.

"அந்த நாட்டுல செஞ்சதுன்னு சர்டிபிகேட் இருக்கு தம்பி. சீல் இருக்கு. சீலுக்கு மேல நான் என்னத்தைப் பார்க்கிறது?"

"சந்தேகம்னு எழுதிட்டு, ஷெட்டைப் போய்ப் பாருங்க சார்."

"பார்த்துட்டாங்களே. மெஷின் இருக்காம், ஆள் இருக்காம். போட்டோவே அனுப்பியிருக்காங்க. உனக்கு அவர் மேல கோபம், அது எனக்குப் புரியுது. கோபத்தை ஃபைல்ல போட முடியாது. பொருளைக் கொண்டா."

மெஷின் இருக்கிறதாம். உனக்குத் தெரிந்தே நீ என்னிடம் சொல்லாமல் இருக்கிறாய் என்று தோன்றுகிறது. தோன்றுவதை மறைத்துப் பழக்கமில்லை, எழுதிவிட்டேன்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தம்பி

●

ஜூன் 15

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். தாமதத்துக்குக் கோபிக்காதே, கைவேலை அதிகம்.

இங்கே போன வாரம் ஒரே பரபரப்பு. யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று தெருவெல்லாம் தண்ணீர் தெளித்தார்கள். எங்களையும் நல்ல புடவை கட்டச் சொன்னார்கள். வந்தார், பார்த்தார், போனார். பிறகு எல்லோரும் பழைய புடவைக்கு வந்துவிட்டோம்.

ஷெட் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. மறுபடி மறுபடி கேட்காதே.

அம்மா வேர்வையில் கஷ்டப்படுவாளே, வீட்டுக்கு ஒரு நல்ல ஃபேன் வாங்கிப் போடு. வாங்குவதாக இருந்தால் ஜூலைக்கு அப்புறம் வரும் சரக்காகப் பார்த்து வாங்கு. இதுவரை வந்தது அவ்வளவு நன்றாக இல்லை என்கிறார்கள்.

அத்தான் ரசம் வைத்தார். சின்னவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். அன்று முழுக்க அவரைப் பிடிக்க முடியவில்லை.

அக்கா

●

ஜூன் 28

அக்கா,

சுகம் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம்.

நான் உன்னிடம் ஃபேன் வாங்க யோசனையா கேட்டேன்? என்னோடு வேலை பார்த்தவர்கள் தெருவில் நிற்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் உனக்கும் தெரிந்தவர்கள், உன் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறியவர்கள். நீ எனக்கு ரசம் பற்றி எழுதுகிறாய். எந்த ஃபேன் என் வேலையைத் தின்றதோ, அதையே வாங்கித் தலைக்கு மேல் மாட்டச் சொல்கிறாய்.

எல்லை தாண்டினால் மனசும் தாண்டிவிடும் போலிருக்கிறது. உனக்கு அங்கே ஒரு குறையும் இல்லை, அதனால் இங்கே நடப்பது உனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சரி. இனி உன்னைக் கேட்க மாட்டேன். எழுதவும் மாட்டேன்.

அம்மாவின் முழங்கால் பற்றி அம்மாவே யாரையாவது வைத்து எழுதுவாள்.

தம்பி

●

ஜூலை 24

அன்புத் தம்பிக்கு,

சுகம். சுகமா?

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். மூத்தவளாகப் பிறந்ததற்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி?

சின்னவளைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். என்னைப் போலவே இடது கையால் எழுதுகிறாள். அத்தான் பென்சிலை வலது கைக்கு மாற்றிவைக்கிறார், அவர் திரும்பியதும் இவள் மாற்றிக்கொள்கிறாள். விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். எந்தக் கை செய்தது என்று தெரிந்தவர்களுக்குப் பார்த்தவுடன் தெரியுமே. தெரிந்தால் நல்லதுதானே.

ஃபேன் வாங்கினாயா? வாங்கவில்லை என்றால் வாங்கு. அம்மா பாவம்.

அக்கா

●

செப்டம்பர் 9

அக்கா,

அம்மா நலம். நானும் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை பழக்கத்துக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

எழுத மாட்டேன் என்று சொன்னவன் எழுதுகிறேன். உன் ஃபேன் யோசனையை நான் கடைசிவரை கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது மோட்டார் ரிப்பேர் கடையில் இருக்கிறேன். நேற்று ஒருவர் புது ஃபேனைக் கொண்டுவந்தார். வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறதாம், கரகரவென்று சத்தம். பெட்டியில் ஆகஸ்ட் என்று போட்டிருந்தது. உன் ஊர் ஃபேன், அரைச்சிரிப்பின் ஸ்டிக்கர்.

பிரித்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா இது, கட்டு நூல் எல்லாம் பழுப்பா இருக்கு, ஒரே இடத்துல மட்டும் வெள்ளையா இருக்கு?"

"அண்ணே, கம்பிக் காயிலை நூலால கட்டின பிறகுதானே வார்னிஷ்ல முக்குறோம்? அப்புறம் ஓவன்ல வேகும். அப்போ எல்லா நூலும் பழுப்பாகி விறைச்சுப் போகணும்."

"ஆமா, அதுல என்ன?"

"இந்த இடம் வேகல. வெந்து முடிஞ்ச மோட்டாரோட நூலை யாரோ வெட்டி, புது நூல் போட்டுக் கட்டியிருக்காங்க."

"யாரு?"

மோட்டாரை விளக்குப் பக்கம் திருப்பினேன். முடிச்சு இடது பக்கம் சாய்ந்திருந்தது.

கத்தரியை எடுத்தேன். வெட்ட மனசு வரவில்லை, அக்கா. ஆறு வருஷம் அந்த முடிச்சைப் பார்த்து வளர்ந்தவன். என் பள்ளிப் பையின் வார் அறுந்தபோது நீ போட்ட முடிச்சு, பை கிழிந்த பிறகும் அவிழவில்லை. கடைசியில் கடைக்காரர்தான் வெட்டினார். நூலுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு துணிப் பட்டை இருந்தது. பிரித்தால் வேறொரு நாட்டு எழுத்து, அந்த ஊர்த் தொழிற்சாலையின் முத்திரை, தேதி. அந்த நாடு எட்டில் சேர்த்தி இல்லை.

நீ வீட்டோடு இருக்கிறவள்தானே?

ஜூன் மாதம் எழுதியதற்கு என்னை நாலு அறை அறையலாம். நேரில் வந்து அறை.

தம்பி

●

செப்டம்பர் 27

தம்பி,

இந்தக் கடிதத்தை ஒரு லாரி டிரைவர் உன் பக்கத்தில் கொண்டுவந்து தபாலில் போடுவார். சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நான் ஷெட்டின் உள்ளேயேதான் இருக்கிறேன். பின்பக்கம் வரிசையாக அறைகள் கட்டியிருக்கிறார்கள், ஒன்றில் நாங்கள். போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே வரும் கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை, வெளியே போகும் கடிதத்தை ஒட்டாமல் சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டும். அவர் படித்து, ஒட்டி அனுப்புவார். ரசம் பற்றி ஏன் எழுதினேன் என்று இப்போது புரிகிறதா? ரசம் நன்றாக இருந்ததும் உண்மைதான்.

அத்தான் ஓய்வில் இல்லை. சோப்புக் கம்பெனியை மூடிவிட்டார்கள். உன் பக்கத்துச் சோப்பு வரி இல்லாமல் வந்து இறங்கியது, பாதி விலைக்கு. இங்கே உன் பக்கத்தைத் திட்டுகிறார்கள், அங்கே நீ என் பக்கத்தைத் திட்டுகிறாய். நடுவில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டுக்கொண்டேன். கம்பெனி வீடு போனது, இங்கே வேலையோடு அறையும் தந்தார்கள், வந்துவிட்டோம். முதலாளி யார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

வேலை இதுதான். முழு மோட்டார் கப்பலில் வரும். மூடியைத் திறந்து, நூலை வெட்டி, அந்தத் துணிப் பட்டையை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி கட்ட வேண்டும். நூல்மேல் கொஞ்சம் வார்னிஷ் தடவிக் காயவைத்தால் யாருக்கும் தெரியாது. எங்கள் மேஜைகளுக்குப் பக்கத்தில் வைண்டிங் மெஷின்கள் வரிசையாகத் துணி போட்டு மூடி நிற்கும். ஒன்றுக்கும் கரண்ட் கிடையாது. அதில் ஒன்று நம் பழைய தொழிற்சாலையின் நாலாம் நம்பர். கைப்பிடியில் நான் சுற்றிய துணி இன்னும் இருக்கிறது. உன் அதிகாரி பார்த்த போட்டோ அதுதான்.

உன் முதல் கடிதம் வந்தபோது நான் வாயை மூடிக்கொள்வது என்றுதான் இருந்தேன். சின்னவளுக்குப் பள்ளி, அத்தானுக்கு மருந்து. உன் கோபத்தைவிட எனக்கு என் அறை பெரிதாக இருந்தது. அதற்கு நான் வெட்கப்படவில்லை.

ஜூனில் அந்தப் பெரிய மனிதர் வந்தார். அரைச்சிரிப்பு. நாலாம் நம்பர்மேல் கை வைத்து நின்றார். மறுபடி போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தான். நான் ஆறு வருஷம் உட்கார்ந்த மெஷின், என் பக்கத்தில் அவர். "சார், நல்லா இருக்கீங்களா?" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை, தம்பி. பாதிச் சிரிப்பு சிரித்தார்.

"நீ கொஞ்சம் ஓரமா நில்லும்மா. படத்துல விழுற."

நின்றேன். மறுநாளிலிருந்து நான் பட்டையை எடுத்துப் போடுவதில்லை. மடித்து உள்ளேயே வைத்து, மேலே கட்டுகிறேன், வார்னிஷ் தடவுவதில்லை. வலது கைக்காரி மாதிரிக் கட்டப் பழகியிருந்தேன், அதையும் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து என் மேஜையைத் தாண்டிப் போன ஒவ்வொரு மோட்டாரிலும் அது இருக்கிறது. எத்தனை என்று எண்ணவில்லை. அவர் எண்ணட்டும்.

நீ புகார் கொடுத்தால் ஷெட் மூடும். எங்கள் வேலையும் போகும், அறையும் போகும். தெரிந்துதான் கட்டினேன். எங்களை நினைத்து நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றால் உன்னோடு பேச மாட்டேன். கூட இருக்கும் பெண்களிடம் சொல்லிவிட்டேன். "அந்த ஆள் என்னையும் ஓரமாத்தான் நிக்கச் சொன்னான்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி மட்டும் அழுதாள். அவள் அண்ணன் வீட்டுக்குப் போக ஒரு மாதம் கேட்கிறாள். அந்த ஒரு மாதம் பொறு. உன்னால் முடியாது என்று தெரியும், இருந்தாலும் பொறு.

அத்தானுக்கு எல்லாம் தெரியும். பயப்படுகிறார், தடுக்கவில்லை.

நீ சுகமா? அம்மா சுகமா? அந்த நாலு அறையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அக்கா

●

அக்டோபர் 10

அக்கா,

அம்மா சுகம். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "ஓரமா நில்லும்மா" என்ற இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் முன்னறையைப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் வரப்போகிறீர்களாம், தூசியாக இருக்கக் கூடாதாம்.

நான் அந்த ஆளை எரிக்க வேண்டும் என்று ஏழு மாதம் கத்தினேன். நீ ஒரு வார்த்தை பேசாமல், தீக்குச்சியை அவர் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கட்டி, அவர் லாரியிலேயே ஏற்றி, அவர் கோடவுனிலேயே இறக்கியிருக்கிறாய். அதைத் தோளில் சுமந்து இறக்கியவர் நம் வெல்டர். அவரிடம் சொன்னேன். தெருவிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

இனி நீ ஒன்றும் எழுதாதே. அடுத்து நான் செய்யப்போவது:

1. நவம்பர் பத்து வரை வாயைத் திறக்க மாட்டேன். கைக்குழந்தைக்காரியிடம், நிதானமாகக் கிளம்பச் சொல். என் பொறுமைக்கு அம்மா காவல்.

2. அதற்குள் பழைய ஆட்களை வைத்து வெவ்வேறு கடைகளில் ஃபேன் வாங்குவேன். ஒன்றையும் பிரிக்க மாட்டேன். பெட்டி சீல் உடையாமல் இருக்க வேண்டும்.

3. உன் கடிதத்தை யாரிடமும் காட்ட மாட்டேன். அந்த நூலால்தான் அவர் மாட்ட வேண்டும்.

4. நீங்கள் கிளம்பும் நாளில் எல்லையில் லாரியோடு நிற்பேன். சின்னவளைப் பள்ளியில் சேர்க்கப் பேசிவிட்டேன். ரிப்பேர் கடையில் அத்தானுக்கு இடம் கேட்டிருக்கிறேன்.

5. சோப்பு விஷயத்தை அத்தானிடம் நானே பேசுவேன். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை.

6. நீங்கள் வந்து சேர்ந்த மறுநாள் அதே அதிகாரியின் மேஜையில் பெட்டிகளை அடுக்குவேன். "பொருளைக் கொண்டானு சொன்னீங்களே சார், கொண்டாந்துட்டேன்" என்பேன்.

7. விசாரணையன்று கத்தரியை நான் பிடிக்க மாட்டேன். அரைச்சிரிப்பின் கையில் கொடுத்து, வெள்ளை நூலைக் காட்டி, அவரையே வெட்டச் சொல்வேன்.

8. அவர் வெட்டும்போது உன்னை அவருக்கு எதிரில் நிறுத்துவேன். ஓரமாக இல்லை, நடுவில்.

தம்பி